தொண்ணூற்றெட்டு தசம் ஏழு

ஜிப்ரிக்கு வந்த படிவத்தில் ‘பழுதின் தன்மை’ என்ற இடத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: ‘ஓட்டைகள் தெரிகின்றன.’

மாத்தளை பிரதான வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இருபத்தாறு வருடங்களாக வில்லை உள்ள சாமான்களைத் திருத்திவருபவர் ஜிப்ரி. பாடசாலை நுணுக்குக்காட்டிகள், நில அளவைக்காரர்களின் தொலைநோக்கிகள், கல்யாண வீட்டுக் கமராக்கள் எல்லாம் அவரிடம் வரும். பூஞ்சணம் பிடித்தது, எண்ணெய் காய்ந்தது, உள்ளே எறும்பு குடியேறியது என்று பல பழுதுகளைப் பார்த்திருக்கிறார். உள்ளதைக் காட்டுகிறது என்று ஒரு நுணுக்குக்காட்டியின்மீது யாரும் முறைப்பாடு செய்ததில்லை.

படிவத்தை அனுப்பியிருந்தது உக்குவளையில், ரயில் பாதையைத் தாண்டி, கராம்பு மரங்களுக்கு நடுவே இருந்த தேசிய மேற்பரப்புப் பூச்சு ஆராய்ச்சி நிறுவனம். பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்க விலை கேட்டு ஆட்கள் வருவதுண்டு. அதனால் ஜிப்ரி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதுமே காவலாளி, “பெயின்ட் இல்ல, ஆராய்ச்சி மட்டுந்தான்” என்றார்.

ஆய்வுகூடத்தில் நிரஞ்சனி காத்திருந்தாள். தோட்டத்துப் பாடசாலையில் படித்துப் பல்கலைக்கழகம் போய் வந்தவள். நுணுக்குக்காட்டியைக் கையாளத் தெரிந்த ஒரே ஆள் அந்த நிறுவனத்தில் அவள்தான். அதனால் அவளுடைய பதவியின் பெயர் ‘உதவியாளர்’.

“இது இலிப்பிட்டு மென்சவ்வுங்க அண்ணே,” என்று அவள் ஒரு கண்ணாடிப் பட்டியைக் காட்டினாள். “கொழுப்பு மாதிரி ஒரு பொருள். நம்ம ஒடம்புல ஒவ்வொரு கலத்தையும் சுத்தி இதுதான் இருக்கு. அதையே இந்தக் கண்ணாடி மேல ரொம்ப மெல்லிசா பூசுறோம். கிணத்துத் தண்ணில முக்கினா, தண்ணில கெட்ட உலோகம் இருந்துச்சுன்னா மென்சவ்வுல ஒட்டிப் பழுப்பா மாறும். இல்லேன்னா மாறாது.”

“பூச்சு படாத எடத்துல?”

“அங்க ஒட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லயே. வெஷத்துல முக்கினாலும் மாறாதுங்க.”

ஜிப்ரி குனிந்து பார்த்தார். சாயம் கலந்த மென்சவ்வு பச்சையாக ஒளிர்ந்தது. ஆனால் ரொட்டி சுடும் தாச்சியில் எண்ணெய் படாத இடங்கள்போல, நடுநடுவே கறுப்புத் திட்டுகள். பக்கத்தில் இருந்த கணினி பச்சையை எண்ணி, பூசப்பட்ட பரப்பு நூற்றுக்கு அறுபத்தொன்று தசம் நான்கு என்றது.

மூன்று மணித்தியாலம் பாடுபட்டு வில்லைகளைக் கழற்றி, பூஞ்சணத்தைத் துடைத்து, மறுபடி பூட்டினார். படம் பளிச்சென்று வந்தது. இதுவரை கண்ணில் படாத பொடி ஓட்டைகளும் வரிசையாகத் தெரிந்தன. கணினி ஐம்பத்தெட்டு தசம் இரண்டு என்றது.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் ஜிப்ரி, தன் வேலையில் திருப்தியோடு. நிரஞ்சனிக்கும் சந்தோஷந்தான். அந்தத் தெளிவு இருக்கும்போதே அலுமாரியிலிருந்த பட்டிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஏறக்குறைய ஓட்டையே இல்லாமல் அமைந்துவிட்ட இரண்டைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டாள்.

அப்போது பணிப்பாளர் கலாநிதி நோபர்ட் உள்ளே வந்தார். தலைமயிர் ஒன்றும் கலையாத மனிதர். கணினியைப் பார்த்தார், ஜிப்ரியைப் பார்த்தார்.

“திருத்துவதற்கு முன் அறுபத்தொன்று. திருத்திய பின் ஐம்பத்தெட்டு. இதைத் திருத்தம் என்று எந்த அகராதியில் போட்டிருக்கிறது, மிஸ்டர் ஜிப்ரி?”

“சேர், மெஷின்ல இப்ப ஒரு பழுதும் இல்ல. ஓட்டை பூச்சுலதான் ஈக்குது.”

“பூச்சில் ஓட்டை இருக்க முடியாது,” என்றார் பணிப்பாளர் பொறுமையாக. “பூச்சு முழுமையானது என்று போன வருடமே அமைச்சுக்கு அறிக்கை அனுப்பியாகிவிட்டது.”

அடுத்த வாரம் ஏழு பேர் கொண்ட விசாரணைக் குழு கூடியது. ஜிப்ரியையும் அழைத்திருந்தார்கள். சாட்சியாகவா, குற்றவாளியாகவா என்று கடிதத்தில் இருக்கவில்லை. கதிரை மட்டும் தனியாகப் போட்டிருந்தார்கள்.

நிரஞ்சனி அவர்களுக்கு இன்னொரு பரிசோதனையைச் செய்துகாட்டினாள். பூச்சில் ஒரு சிறு வட்டத்தின்மேல் கடுமையான ஒளியைப் பாய்ச்சினால் அங்குள்ள சாயம் பொசுங்கிக் கறுத்துவிடும். மென்சவ்வு தொடர்ச்சியாக இருந்தால், குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய்போல அது ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள பச்சை சில நிமிடங்களில் உள்ளே வந்து கறுப்பை நிரப்பிவிடும். துண்டு துண்டாகக் கிடந்தால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும்.

வட்டம் கறுத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் வந்தது, போனது. கறுப்பு அப்படியே நின்றது.

“அசையவில்லையே,” என்றார் குழுவில் ஒருவர் தயக்கத்தோடு.

“சரியாகச் சொன்னீர்கள். அசையவில்லை!” என்று பணிப்பாளர் எழுந்துவிட்டார். “இருபது வருடச் சேவையில் என் அலுவலர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். வைத்த இடத்தில் நிற்கவேண்டும். பக்கத்தில் ஓர் இடம் காலியானால் நிரப்ப ஓடக்கூடாது. நானே இந்த நிறுவனத்தில் அப்படி நின்றுதான் பணிப்பாளர் ஆனேன்.”

கூட்டக் குறிப்பில் ‘மென்சவ்வின் ஒழுக்கம் திருப்திகரம்’ என்று பதிந்தார்கள்.

ஓட்டைப் பிரச்சினை மட்டும் மிச்சமிருந்தது. அதை யாரும் தீர்க்கவில்லை. அது தானாகவே தீர்ந்தது. குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தபோது, அவருடைய முழங்கை குவியத் திருகில் பட்டது. படம் கலங்கியது. பச்சை கறுப்புக்குள் கசிந்து எங்கும் ஒரே பாசிக்குளமாகியது. ஒளியைக் கூட்டும் பொத்தானையும் அவருடைய சட்டைக் கை கடைசிவரை தள்ளிவிட்டிருந்தது. கணினியில் இலக்கம் ஏறியது. எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்று மூன்று. கடைசியில் தொண்ணூற்றெட்டு தசம் ஏழில் வந்து நின்றது.

“தொடாதீர்கள்,” என்றார் பணிப்பாளர்.

அன்று பின்னேரமே சுற்றறிக்கை வந்தது. திருகும் ஒளிப் பொத்தானும் நின்ற அந்த நிலைக்கு ‘நிறுவனக் குவியம்’ என்று பெயர். இனி எல்லா அளவீடும் அதில்தான். திருகின்மேல் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். திருகு அசையாது என்பதற்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. மாவட்டத்தில் பதிவுபெற்ற கருவி திருத்துநர் ஜிப்ரி ஒருவர்தான்.

ஜிப்ரி சான்றிதழை இரண்டு தரம் வாசித்தார். படம் சரி என்று அதில் எழுதியிருக்கவில்லை. திருகு அசையாது என்றுதான் இருந்தது. திருகைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. மறுத்தால் பதிவுப் பட்டியலிலிருந்து பெயர் போகும், பாடசாலை வேலைகளும் போகும். எழுதியிருப்பது பொய்யில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து நிரஞ்சனி தொலைபேசியில் கூப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“அண்ணே, போன மாசம் அவசரத்துல பூசாத வெறும் பட்டிய வச்சிட்டேன். தொண்ணூத்தொம்பது தசம் ரெண்டு வந்துச்சுங்க.”

“வெறும் கண்ணாடிக்கா?”

“வெறும் கண்ணாடிக்கு. வெளிச்சம் அவ்வளவு கூட்டி வச்சா எதுவும் பச்சையாத்தான் தெரியும். போய் சேர்கிட்ட சொன்னேன், அளவு பெழைங்கன்னு. அவரு எந்திரிச்சுக் கை குடுத்தாரு.”

பணிப்பாளர் கைகொடுத்ததற்குக் காரணம் இருந்தது. மென்சவ்வு பூசினால் தொண்ணூற்றெட்டு தசம் ஏழு, பூசாவிட்டால் தொண்ணூற்றொன்பது தசம் இரண்டு. அப்படியானால் இவ்வளவு காலமும் பூச்சுக்குத் தடையாக இருந்தது மென்சவ்வுதான் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். ‘பூச்சற்ற பூச்சு’ என்று அதற்குப் பெயரிட்டார். மென்சவ்வை வைத்திருந்த குளிர்ப்பெட்டியில் இப்போது பணிப்பாளருடைய தயிர்ச்சட்டி இருந்தது. வெறும் பட்டிகள் ஆயிரக்கணக்கில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, கிணற்று நீர் பரிசோதனைக்காக வில்கமுவைக்குப் போயின.

ஜிப்ரி அன்று கடையில் வந்தவர்களிடமெல்லாம் தயிர்ச்சட்டிக் கதையைச் சொல்லிச் சிரித்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது தங்கை றுஸைனாவின் அழைப்பு வந்தது. அவள் கணவன் ஸுஹைலோடு வில்கமுவையில் வயல் செய்துகொண்டிருந்தாள். ஸுஹைலுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கவேண்டாம் என்று வைத்தியசாலையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வாரம் ஒருமுறை தாங்கி லொறியில் வரும் தண்ணீரைத்தான் அவர் குடித்துவந்தார்.

“நானா,” என்று அண்ணனைக் கூப்பிட்டாள், “செவ்வாக்கெழம வாற தண்ணி பவுசர நிப்பாட்டிட்டாங்க.”

“ஏன்?”

“ஏதோ கண்ணாடிய முக்கிப் பாத்தாங்களாம். தொண்ணூத்தாறு கிணறும் நல்லமாம். இனி பவுசர் தேவையில்லயாம். இவரு என்னத்தக் குடிக்கிற?”

அதன்பிறகு ஜிப்ரி சிரிக்கவில்லை.

நிரஞ்சனியிடம் போய், அவள் பொறுக்கி வைத்திருந்த அந்த இரண்டு பட்டிகளையும் கேட்டார். அவள் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு இரண்டே பஸ் போகும் பாதையில், பின் சீற்றில் குலுங்கிக்கொண்டு வில்கமுவை போய்ச் சேர்ந்தார். றுஸைனாவின் கிணற்றில் வாளி போட்டு அள்ளி ஒரு பட்டியை முக்கினார். நிறுவனத்தின் பட்டி பக்கத்தில் இன்னொரு கோப்பையில் கிடந்தது. கால் மணித்தியாலம் காத்திருந்தார்கள். நிறுவனத்தின் பட்டி கண்ணாடியாகவே இருந்தது. நிரஞ்சனியின் பட்டி தேயிலைச் சாயம் ஏறியதுபோல் பழுப்பாகியது. மற்றதை அயல் வீட்டுக் கிணற்றில் முக்கினார். அதுவும் பழுப்பாகியது.

“இதுல நான் கையெழுத்துப் போட்டன் தங்கச்சி,” என்றார் ஜிப்ரி. “வெறும் கண்ணாடின்னு தெரியாது அப்ப. ஆனா ஒழுங்கில்லன்னு தெரியும். தெரிஞ்சுதான் போட்டன்.”

ஸுஹைல் வீங்கிய கால்களைப் பலகையில் நீட்டி வைத்தபடி பழுப்புப் பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். றுஸைனாதான் கேட்டாள்: “சரி நானா, போட்ட கையெழுத்த எப்படி எடுக்கிற?”

ஜிப்ரி மாத்தளைக்குத் திரும்பி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். தன் சான்றிதழை மீளப் பெறுவதாகவும், பழுப்பாக மாறிய பட்டிகளை ஆதாரமாக இணைத்திருப்பதாகவும் எழுதினார். பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. நிறுவனத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக ஒரு பதில் போனதில்லை என்று நிரஞ்சனி பின்னர் சொன்னாள்.

‘தாங்கள் அனுப்பிய இரு பட்டிகளும் நிறம் மாறியிருப்பதால் நியமத்துக்கு முரணானவை எனக் கண்டு அழிக்கப்பட்டன. தங்கள் சான்றிதழ் ஐந்து வருடங்களுக்குச் செல்லுபடியாகும். அதை மீளப் பெறுவதாயின், அது பிழை எனப் பதிவுபெற்ற திருத்துநர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். மாவட்டத்தில் அத்தகையவர் தாங்கள் மட்டுமே. எனினும் தங்கள் சான்றிதழ் நம்பத்தகாதது எனத் தாங்களே எழுத்தில் தெரிவித்திருப்பதால், தங்களுடைய சான்றை ஏற்க இயலாது.’

அவர் அதைத் தொலைபேசியில் தங்கைக்கு வாசித்துக் காட்டினார்.

“நானா, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு படிவம் ஈக்குதே. ‘மூலத்தின் பெயர், பெறுபேறு’ன்னு. அத நெரப்பி அனுப்பினா வாசிப்பாங்களா?”

“வாசிக்க மாட்டாங்க. பதிவாங்க.”

“அது போதும்,” என்றாள் றுஸைனா.

வீட்டுக்கு வீடு பத்துப் பட்டியும் பத்துப் படிவமும் கொடுத்திருந்தார்கள். றுஸைனா அயல் பெண்களைக் கூட்டிக்கொண்டாள். சிங்களப் பெண்களும் வந்தார்கள். சவர்க்காரத் தண்ணீரில் முக்கினார்கள், நல்லம். உழவு இயந்திரத்தின் ரேடியேற்றரில் முக்கினார்கள், நல்லம். எருமை படுத்துக் கிடந்த சேற்றுக் குழி, வெற்றிலை எச்சில் படிக்கம், ஒருத்தியின் கணவன் ஒளித்து வைத்திருந்த கசிப்புச் சாராயப் போத்தல், எல்லாமே நல்லம். ஒவ்வொன்றுக்கும் பொய்யே எழுதாமல், உள்ளதை உள்ளபடி எழுதிப் படிவம் நிரப்பினார்கள். றுஸைனாவின் படிவத்தில், ‘வயலுக்கு மருந்தடிக்கிற தாங்கியைக் கழுவின தண்ணீர்’ என்றிருந்தது. இருநூற்றுப் பதினான்கு படிவங்கள் உக்குவளைக்குத் தபாலில் போயின.

இரண்டு மாதத்தில் நிறுவனத்தின் முன்னேற்ற அறிக்கை வெளிவந்தது. வில்கமுவையில் பாதுகாப்பான குடிநீர் மூலங்கள் தொண்ணூற்றாறிலிருந்து முந்நூற்றுப் பத்தாக உயர்ந்திருந்தன. நாட்டில் வேறெங்கும் காணாத வளர்ச்சி. எழுதுவினைஞர் இடம் போதாமல் பெயர்களைச் சுருக்கியிருந்தார். மூலம் இலக்கம் நூற்றெண்பத்தேழு, ‘வயல் தாங்கி’. அது பணிப்பாளருக்குப் பிடித்துப்போயிற்று. அங்கேயே பெயர்ப் பலகை திறந்துவைப்பது என்று முடிவாகியது.

விழாவுக்கு ஒன்பது அதிகாரிகள் இரண்டு வாகனங்களில் வந்தார்கள். றுஸைனாவின் முற்றத்தில் பந்தல். ஜிப்ரியும் நிரஞ்சனியும் பின்வரிசையில் இருந்தார்கள். ஊர்ப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

“ஒரு காலத்தில் இந்த மக்கள் பவுசரை எதிர்பார்த்துக் கையேந்தி நின்றார்கள்,” என்று பணிப்பாளர் பேசினார். “இன்று? எதைத் தொட்டாலும் குடிநீர்! ஒரு சொட்டுத் தண்ணீரையும் நாங்கள் சுத்திகரிக்கவில்லை. ஒரு கிணறும் வெட்டவில்லை. ஒரு குழாயும் போடவில்லை. அளவீட்டால் மட்டுமே இதைச் சாதித்தோம்.” கைதட்டல் எழுந்தது. “எங்கே அந்தத் தாங்கி?”

றுஸைனா வீட்டுக்குள் போய், முதுகில் மாட்டி மருந்தடிக்கும் கருவியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். அதன் பக்கத்தில் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தது.

“இதுதான் சேர் நூத்தியெண்பத்தேழு.”

படம் பிடிக்க வந்தவர் கமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

“பயப்படாதீங்க, இதுல உள்ளதக் குடிக்கச் சொல்ல மாட்டன்,” என்று றுஸைனா தட்டில் வெள்ளைத் துணி விரித்து ஒரு கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரை நீட்டினாள். “இது எங்கட கிணத்துத் தண்ணி. மூலம் இலக்கம் பன்னெண்டு. நீங்க நல்லம்னு எழுதின தண்ணி. எங்க வீட்டு மனிசன் மூணு மாசத்துக்கு மேல இதத்தான் குடிக்கிறாரு. ஒரு மொடறு குடிங்க.”

ஸுஹைல் வாசலில் நாற்காலியில் இருந்தார். முகம் மஞ்சள் பாரித்திருந்தது. பணிப்பாளர் அவரைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார்.

“இப்போதுதான் இளநீர் குடித்தேன்,” என்றார். “பிரதிப் பணிப்பாளர் அவர்களே, நீங்கள்…”

பிரதிப் பணிப்பாளர் கோப்பையை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, பதவியில் தனக்கு அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். எட்டுப் பேர் கையும் தாண்டி, வாகனச் சாரதி வரை போய், ஒரு சொட்டும் குறையாமல் அது றுஸைனாவிடமே திரும்பி வந்தது. நிரஞ்சனி எழுந்து நின்று தெளிவாகச் சொன்னாள்: “சேர், அது வெறும் கண்ணாடிங்க. பூச்சே இல்ல. நான்தான் அளந்தேன்.”

பணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். பலகை திரை விலக்கப்படாமலேயே நின்றது.

பட்டிகள் பிழை என்று நிறுவனம் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. முந்நூற்றுப் பத்து மூலங்களும் பதிவில் அப்படியே இருக்கின்றன. நிரஞ்சனிக்கு மட்டும், அனுமதியின்றி எழுந்து நின்றதற்கு விளக்கம் கோரி ஒரு கடிதம் வந்தது. ஆனால் மூன்றாம் வாரம் ஒரு சுற்றறிக்கையும் வந்தது: ‘குடிநீர் மூலங்களைக் கண்காணிக்க வில்கமுவைக்கு வரும் அதிகாரிகளின் பாவனைக்காக மட்டும், செவ்வாய்க்கிழமைகளில் பவுசர் ஒன்று அனுப்பப்படும்.’

முதல் செவ்வாய் ஜிப்ரியும் வந்திருந்தார். பவுசர் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அதிகாரி ஒருவரும் வரவில்லை. குடங்களோடு பெண்கள்தான் நின்றார்கள். சாரதி, நல்ல மனிதர், ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார்.

“அதிகாரிகளுக்கு மட்டுந்தான் குடுக்கச் சொல்லி ஓடர். பேரு, பதவி, கையெழுத்து. நான் வேறொண்டும் கேக்க மாட்டன்.”

றுஸைனா முதலில் வாங்கி எழுதினாள்: உதவிப் பணிப்பாளர், மேற்பரப்பு. அவளுக்குப் பின்னால் நின்றவள் பிரதி ஆணையாளர் ஆனாள். ஸுஹைலை ஆலோசகராகப் போட்டார்கள். அரைமணி நேரத்தில் அந்தக் கிராமத்தில் இருபத்தெட்டு உயர் அதிகாரிகள் குடம் நிறையத் தண்ணீரோடு வரிசையாக நடந்தார்கள்.

கடைசியில் ஜிப்ரியின் முறை வந்தது. ஸுஹைலுக்கென்று அவர் மாத்தளையிலிருந்து பெரிய கலன் ஒன்று கொண்டுவந்திருந்தார். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். இனி உண்மையில்லாத ஒன்றின் கீழ் கையெழுத்துப் போடுவதில்லை என்று மனதுக்குள் எடுத்த முடிவு குறுக்கே நின்றது. ‘ஜிப்ரி, கருவி திருத்துநர்’ என்று எழுதினார்.

சாரதி வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்க மஹத்தயா. இந்தத் தரத்துக்குத் தண்ணி இல்ல.”

றுஸைனா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். கொப்பியை வாங்கி, அண்ணனின் பெயருக்கு எதிரே ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதி, உதவிப் பணிப்பாளர் என்று கையெழுத்திட்டாள்.

சாரதி குழாயைத் திறந்துவிட்டார்.